கல்லுண்டாய் வெளிக்கு மேலே ட்ரோன்: படம் எடுக்கலாம், பிறகு?

பனங்கூடல்

எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு ட்ரோன் வந்து சேர்ந்திருக்கிறது. இதுவரை கலியாண வீடுகளுக்கும் தேர்த்திருவிழாக்களுக்கும் மேலே பறந்தது. உரிமையாளர் கனடாவுக்குப் புறப்படும்போது நிலையத்துக்கே கொடுத்துவிட்டார். இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. என் மனத்தில் இருப்பது கல்லுண்டாய் வெளி. யாழ்ப்பாண நகரத்துக் குப்பை அங்கே கொட்டப்படுவதும் கோடையில் தீப்பற்றுவதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் குப்பை மேடு எவ்வளவு உயர்ந்தது, சுற்றியுள்ள தரவைக்குள், அதாவது உப்பு வெளிக்குள், எவ்வளவு தூரம் பரவியது, குப்பையிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

ஓப்பன் ட்ரோன் மேப் என்ற இலவச மென்பொருளில் படங்களை இணைத்து, கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்குவது வரை எனக்குத் தெரியும். நான் விரும்புவது ஒற்றைப் படம் அல்ல. ஐந்து, பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து எடுத்து, உண்மையில் மாறியது எது என்று காட்ட வேண்டும். அதற்கு என்ன ஒழுங்கு வேண்டும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

நவாலி மருமகள்

சோளகம் தொடங்கியதும் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நில்லுங்கள் தம்பி, ட்ரோன் தேவைப்படாது. கொடியில் காயப்போட்ட உடுப்பை மறுபடியும் தோய்க்க வேண்டியிருக்கும். தீ அணைந்துவிட்டது என்பார்கள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் புகையும்.

கேலி செய்யவில்லை. எனக்கு இரண்டு கேள்விகள். படம் வந்த பிறகு அதை யாரிடம் கொடுப்பீர்கள்? மனுக்களுக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை. இரண்டாவது, எங்கள் கிணற்றடிகளுக்கு மேலே பறப்பீர்களா? போன கோடையில் யாரோ ஒருவருடைய ட்ரோன் ஒழுங்கைக்கு மேலே தாழப் பறந்தது, பெண்கள் தோய்ந்துகொண்டிருந்த நேரம். இளைஞர்கள் கல்லெறிந்து விரட்டினார்கள். நல்ல காரியத்துக்குத்தான் வந்தது என்று பிறகு யாரும் வந்து விளக்கம் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற சங்கிலி

தம்பி பனங்கூடல், முதலில் உங்கள் உற்சாகத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் நில அளவையில் இருந்தவன்.

கலியாண ட்ரோனில் இருக்கும் ஜிபிஎஸ் கிடையாகவே சில மீற்றர் தவறும். உயரத்தில் அதைவிட மோசம். ஒரு முறை மட்டும் பறந்தால் இது தெரியாது. படம் அழகாகத்தான் இருக்கும். இரண்டு முறை பறந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கும்போதுதான் வினை. மேடு இரண்டு மீற்றர் உயர்ந்ததாகவும் அராலி வீதியே கிழக்கே நகர்ந்ததாகவும் கணினி சொல்லும். வீதி நகரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மேடு உயர்ந்ததா இல்லையா என்பது எப்படித் தெரியும்?

அதற்குத்தான் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். நிலத்தில் அசையாத சில இடங்களைத் துல்லியமான கருவியால் ஒரு முறை அளந்து, இலங்கை நில அளவையில் வழங்கும் எஸ்எல்டி 99 ஆள்கூறுகளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பறப்பிலும் அவை படத்தில் விழ வேண்டும். கல்லுண்டாயில் எதை நம்புவது என்பதுதான் சிக்கல். இரும்பு முளை அடித்தால் உப்புக் காற்றில் கரைந்துவிடும். பலகை வைத்தால் மாடு மிதிக்கும், அல்லது யாராவது கோழிக்கூடு அடைக்க எடுத்துப் போவார்கள். வீதியோர மதகுகளின் கொங்கிரீட் மூலைகளைத் தேர்ந்தெடுங்கள். போதாத இடத்தில் நீங்களே சிறு கொங்கிரீட் கட்டை இறக்கி, மேல்முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தீட்டுங்கள், அரை மீற்றர் அகலத்தில். ஓர் அங்குல உணரியும் 20 மெகாபிக்சலும் உள்ள கமராவானால் 60 மீற்றர் உயரத்தில் ஒரு படப்புள்ளி நிலத்தில் ஏறத்தாழ 1.6 சென்ரிமீற்றர். அந்தக் கட்டம் தெளிவாகவே தெரியும். குப்பை மேட்டின் மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள், அது தானே அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று: அளந்த புள்ளிகள் எல்லாவற்றையும் மென்பொருளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிலவற்றை மறைத்து வைத்து, வரைபடம் வந்த பிறகு அவை சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். அந்தப் பிழை எவ்வளவு என்பதை வரைபடத்தின் மூலையில் எழுத வேண்டும். அதை எழுதாத வரைபடத்தை நான் கையால் தொட மாட்டேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு ஹெக்டேயர் பரப்பில் உயரம் 10 சென்ரிமீற்றர் தவறினால் கன அளவு 1,000 கனமீற்றர் தவறும். நூறு கன அடி ஒரு கியூப் என்ற டிப்பர்காரர் கணக்கில் ஏறத்தாழ 350 கியூப். அவ்வளவு குப்பையை நீங்கள் காகிதத்தில் கொட்டலாம், காகிதத்தில் அள்ளலாம்.

பனங்கூடல்

ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிய வேண்டும்? முன்பின்னாக 80 வீதம், பக்கவாட்டில் 70 வீதம் என்று படித்தேன்.

நவாலி அக்கா, கிணற்றடிகளுக்கு மேலே பறக்கத் தேவையே இல்லை. குடிமனை எல்லையில் பாதையை வெட்டிவிடலாம். பறக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற சங்கிலி

அந்த அளவு சரி. ஆனால் தேங்கிய தண்ணீருக்கு மேலே எவ்வளவு படிந்தாலும் பயனில்லை. மினுங்கும் நீர்ப்பரப்பில் மென்பொருள் பிடித்துக்கொள்ள அடையாளம் எதுவும் இராது. ஓட்டையாகவோ, இல்லாத மேடுபள்ளமாகவோ வரும். மாரியில் கல்லுண்டாய் பாதி கடல். ஆகவே கன அளவு பார்ப்பதைக் கோடை முடிவுக்கு, ஆவணி புரட்டாதிக்கு வையுங்கள். கறுப்புத் தண்ணீர் எங்கே போனது என்று பார்ப்பதை மாரி ஓய்ந்தவுடன், தை மாசியில் வையுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே மாதம், அதே உயரம், ஏறத்தாழ அதே நேரம். இந்த வருடம் மாசியையும் அடுத்த வருடம் ஆவணியையும் ஒப்பிட்டால் நீங்கள் காண்பது குப்பையின் வரலாறு அல்ல, மழையின் வரலாறு.

டொரொண்டோ பெரியப்பா

பிள்ளைகளின் முயற்சி மகிழ்ச்சி தருகிறது. பழைய ட்ரோனை வைத்து ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? வெப்பக் கமராவும் பல்நிறமாலைக் கமராவும் உள்ளதாக ஒன்று இங்கே பார்த்து வைத்திருக்கிறேன். எங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தருகிறோம். அகச்சிவப்பில் பார்த்தால் செடி கொடி வாடுவதிலிருந்தே மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாமாம்.

கிணற்றுத்தவளை

ஐயோ, வேண்டாம். நான் ரசாயனம் படிப்பிப்பவன், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவன். இரண்டு காரணத்தாலும் இந்த இழையில் கொஞ்சம் கத்த எனக்கு உரிமை உண்டு.

செடியின் பச்சையை அளக்க ஒரு சுட்டெண் இருக்கிறது. அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. செடி வாடினால் எண் குறையும். ஏன் வாடியது என்று அந்த எண் சொல்லாது. உப்பா, வரட்சியா, மாடு மேய்ந்ததா, எண்ணெயா? கல்லுண்டாய்த் தரவையில் உப்பே எல்லாச் செடியையும் பாதி வருடம் வாட்டி வைத்திருக்கிறது.

இதைவிட விசித்திரம் வலிகாமத்துச் செம்மண்ணில். வெங்காயப் பாத்திக்கு யூரியாவை அள்ளி வீசியவனுடைய தோட்டம்தான் அந்தக் கமராவில் மிக ஆரோக்கியமாகத் தெரியும். அவனுடைய கிணற்றில் நைத்திரேற்று ஏறிக்கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வானத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணை ஏற்றினாலும் அது தெரியாது. படம் பச்சையாகச் சிரிக்கும்.

சுன்னாகத்தை எடுங்கள். 2014, 2015 காலத்தில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது என்று ஊரே கொந்தளித்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பேசியது கிணற்றுத் தண்ணீர். வானிலிருந்து யாராவது படம் எடுத்திருந்தால் கொல்லைகளும் பனைகளும் ஓட்டுக் கூரைகளும் வழக்கம்போல் தெரிந்திருக்கும். எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே விழுந்த அழுக்கு எந்தக் கிணற்றில் எழும் என்பதற்கு மேற்பரப்பு சாட்சி சொல்லாது.

காசு இருந்தால் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். ட்ரோன் பிறகு.

முகமாலைக்காரி

கிணற்றுத்தவளை அண்ணா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். நான் போர்க்கால முன்னரங்காக இருந்த முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவள். அதுவும் மாசடைந்த நிலம்தான், மாசு இரும்பும் பிளாஸ்டிக்கும் வெடிமருந்துமாக இருக்கிறது, அவ்வளவே. ட்ரோன் அங்கே கண்ணிவெடியைக் கண்டுபிடித்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. புதைந்து, மேலே ஈச்சம்பற்றையும் நாயுண்ணியும் மூடிக் கிடப்பதை எந்தக் கமரா காணும்? ஆபிரிக்காவின் சாட் நாட்டில் வெப்பக் கமராவால் மண்ணுக்குள் இருந்ததையும் கண்டார்கள் என்பது உண்மை. அது மொட்டைப் பாலைவனம். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது வெடிக்கு மேலேயுள்ள மணலும் பக்கத்து மணலும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை, அதனால் தெரிந்தது.

எங்களுக்கு ட்ரோன் உதவியது வேறு விதத்தில். பழைய மண் அணை எங்கே ஓடியது, பதுங்குகுழி எங்கே வளைந்தது என்பது நிலத்தில் நின்றால் தெரியாது, பற்றை முகத்தில் அடிக்கும். மேலிருந்து பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். கண்ணிவெடியைக் கண்டபடி எறிந்துவிட்டுப் போகவில்லை, அணையை ஒட்டி வரிசையாகத்தான் வைத்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்த இடங்களை அந்த வரைபடத்தில் குறித்துக்கொண்டு வந்தால் வரிசை எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடும். அடுத்த ஆளை எங்கே இறக்குவது என்று மேற்பார்வையாளர் அதை வைத்துத் தீர்மானிப்பார். பிறகு நாங்கள் முழங்காலில் நின்று வாரியால் மண்ணை விரல் விரலாகச் சுரண்டுவோம். பி4 வகைக் கண்ணிவெடியில் இரும்பு ஒரு துளிதான், உலோகம் தேடும் கருவி சில நேரம் முனகக்கூட முனகாது. நிலம் சுத்தம் என்று கையெழுத்திட்டது எந்தக் காலத்திலும் வாரிதான், படமல்ல. ஆனால் படமில்லாவிட்டால் வாரி தேவையில்லாத இடத்தில் எத்தனை மாதம் சுரண்டியிருக்கும்?

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்பாட்டில் சேர்ந்தது. அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை. அந்தத் தவணைக்குள் வேலை செய்கிறவர்களுக்கு எங்கே தேட வேண்டாம் என்று தெரிவது எவ்வளவு பெரிய உதவி என்று யோசியுங்கள்.

ஆகவே கிணறா ட்ரோனா என்று கேட்காதீர்கள். எந்தக் கிணற்றைச் சோதிப்பது என்று ட்ரோன் சொல்லட்டும்.

கிணற்றுத்தவளை

தங்கச்சி, கடைசி வரியில் என்னை மடக்கிவிட்டீர்கள். சரி, கல்லுண்டாய்க்கே வருவோம். மாரி முடிந்த படத்தில் கறுப்பு நீர் வழிந்த தடங்கள் தெரிந்தால், அந்தத் தடங்களை வைத்து மாதிரி எடுக்கும் இடங்களைத் தெரிவு செய்யலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மலிவான மின்கடத்துதிறன் மானியை நீட்டிப் பார்த்து, எண் கூடிவிட்டது, கசிவு வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். அது கடல்நீரேரியின் விளிம்பு. கடல் உப்பும் அந்த எண்ணை ஏற்றும், குப்பைச் சாறும் ஏற்றும். இரண்டையும் பிரிக்க அமோனியாவைப் பாருங்கள். குப்பைச் சாற்றில் அது மிகுந்திருக்கும், கடல்நீரில் அப்படி இராது. வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி வழியெல்லாம் தோட்டத்து உரத்தையும் கழுவிக்கொண்டு இந்த வெளிப் பக்கம்தான் வருகிறது. ஆகவே தண்ணீர் மேட்டை அடைவதற்கு முன், ஆறு உள்ளே நுழையும் இடத்திலும் ஒரு மாதிரி கட்டாயம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டக்காரன் பழியைக் குப்பை சுமக்கும்.

பட்டம்விடுவோன்

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு யோசனை. அனுமதி, பற்றரி, கல்லெறி எல்லாவற்றுக்கும் தீர்வு: பட்டம். தைப்பொங்கலுக்கு நாங்கள் ஏற்றும் பட்டங்களுக்கு ஒரு கமரா சுமையே இல்லை.

2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டபோது கரையோர மக்களும் தன்னார்வலர்களும் பட்டத்திலும் பலூனிலும் சாதாரணக் கமராவைக் கட்டிக் கரையைப் படமெடுத்தார்கள். கமராவைப் பட்டத்தில் கட்டக்கூடாது, அது துள்ளும். பட்டத்துக்குக் கீழே நூலில், சிலுவைச் சட்டம் ஒன்றின் நான்கு நுனியிலும் மெல்லிய நூல் ஓடவிட்டுத் தொங்கவிட வேண்டும். நூல் எப்படிச் சரிந்தாலும் சட்டம் மட்டமாக நிற்கும். சில விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு வெளியைச் சுற்றி நடந்தால் போதும்.

ஓய்வுபெற்ற சங்கிலி

நல்ல யோசனை, ஆனால் உங்கள் வாடைக்காற்றுக் காலத்தில் அந்த வெளியில் நடக்க வள்ளம் வேண்டும். கன அளவுக்குப் போதிய சீராகவும் வராது. கசிவுத் தடம் பார்க்க மட்டும், மாசியில் நீர் வடிந்த பிறகு முயன்று பாருங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் பட்டத்துக்கும் உதவும்.

கம்பிவேலி

பட்டமானாலும் விமான நிலையத்தை அண்டி ஏற்ற முடியாது. கல்லுண்டாய் பலாலியிலிருந்து தூரம்தான், இருந்தாலும் விதி விதிதான்.

ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு வேண்டும், பறப்பதற்கு அனுமதி வேண்டும், பாதுகாப்பு அமைச்சும் உள்ளே வரும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதையே நிறுத்தி வைத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பத்து வருடத் தொடர் என்று நீங்கள் போடும் திட்டத்தில் இப்படி ஒரு நிறுத்தம் எந்த வருடமும் வரலாம். டொரொண்டோ ஐயா, தயவுசெய்து பயணப்பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். முன் அனுமதியில்லாமல் வந்தால் சுங்கத்திலேயே தங்கிவிடும்.

எங்கள் ஊரில் தலைக்கு மேலே ஒன்று இரைந்தால் வயதானவர்கள் இன்னும் வீட்டுக்குள் ஓடுகிறார்கள். அனுமதிக் கடிதத்தில் அதற்கு ஒரு பெட்டியும் இல்லை.

பனங்கூடல்

பறக்க முடியாத வருடங்களுக்கு சென்ரினல் 2 செய்மதிப் படங்கள் உதவும் என்று நினைக்கிறேன். 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு படப்புள்ளி 10 மீற்றர் என்பதால் மேட்டின் உயரம் தெரியாது, பரப்பு எந்தப் பக்கம் விரிந்தது என்பது ஓரளவு தெரியும். பின்னோக்கியும் பார்க்கலாம். நேற்றிரவு பழைய படங்களை வரிசையாக அடுக்கினேன். கோடைப் படங்களில் தரவை உப்புப் பூத்து வெள்ளையாகவும், மேடு அதன் நடுவே சாம்பல் நிறமாகவும் இருக்கிறது. மாரிப் படங்களில் பெரும்பாலும் முகில்தான்.

ஓய்வுபெற்ற சங்கிலி

இன்னும் பின்னோக்கிப் போக வேண்டுமானால் 1956ஆம் ஆண்டு வான்படங்களைக் கேட்டுப் பாருங்கள். குப்பை வருவதற்கு முந்திய நீரோட்டப் பாதைகள் எப்படி இருந்தன என்று தெரிந்தால், இப்போது எது அடைபட்டது என்று விளங்கும்.

கன அளவு குறைந்தால் உடனே கைதட்ட வேண்டாம் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன். குப்பை எரிந்தாலும் குறையும், அழுகி அமிழ்ந்தாலும் குறையும், புல்டோசர் தள்ளிப் பரப்பினாலும் உயரம் இறங்கும். எந்த நாளில் தீ எரிந்தது, எந்த நாளில் இயந்திரம் வந்தது என்று ஊரில் ஒருவர் கொப்பியில் எழுதி வைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும். சரிவின் செங்குத்தையும் கவனியுங்கள். 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்லுண்டாய் அவ்வளவு உயரமில்லை, ஆனால் உயரும்போது பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தானே இந்த வேலை.

டொரொண்டோ பெரியப்பா

எல்லாம் வாசித்தேன். கொஞ்சம் மனவருத்தமாக இருந்தாலும் விளங்குகிறது. அப்படியானால் எதற்குக் காசு அனுப்பட்டும்? வெப்பக் கமரா முற்றாக வேண்டாமா?

கிணற்றுத்தவளை

வெப்பக் கமரா தீக்கு உதவும் பெரியப்பா, அதை மறுக்கவில்லை. விடியப் புறம், வெயில் ஏறுவதற்கு முன் பறந்தால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் இடங்கள் தனியாகத் தெரியும். நவாலி அக்கா சொன்ன இரண்டு நாள் கழித்துப் புகையும் இடம் அதுதான். ஆனால் வருடத்தில் சில காலைகளுக்காக அதை வாங்குவதைவிட, வைத்திருப்பவரிடம் இரவல் கேட்கலாம்.

காசை ஆய்வுகூடக் கட்டணத்துக்கு அனுப்புங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, அதே கிணறுகள். அதோடு இரண்டு வன்தட்டுகள். ஒன்று சனசமூக நிலையத்தில், மற்றது வேறு வீட்டில். முடிந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூலப் படம் இருந்தால் நாளைக்கு வரும் நல்ல மென்பொருளில் இன்றைய பறப்பை மறுபடியும் செய்யலாம்.

முகமாலைக்காரி

யார் பறந்தார், எந்த உயரம், எந்தப் புள்ளிகள், என்ன பிழை என்று ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு தாள் எழுதுங்கள். எங்களிடம் திட்டக் காசு முடிந்து அலுவலகம் மாறும்போதெல்லாம் முதலில் தொலைந்தது அந்தத் தாள்கள்தான். பனங்கூடல் தம்பியும் ஒருநாள் கனடா போகக்கூடும், கோபிக்க வேண்டாம். ஓ.எல். படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரையாவது இப்போதே பழக்குங்கள்.

பனங்கூடல்

கோபமில்லை அக்கா, கடவுச்சீட்டே இன்னும் எடுக்கவில்லை!

இப்படிச் செய்யப் போகிறோம். அனுமதி விண்ணப்பம் இந்த வாரம் போகிறது. அது வருவதற்குள் மதகு மூலைகளையும் கட்டைகளையும் சங்கிலி ஐயா வந்து அளந்து தருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார். முதல் பறப்பு ஆவணியில். வரைபடம் வந்ததும் பிழை அளவோடு பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் ஒரே நாளில் கையளித்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குவோம். ஒரு பிரதி வாசிகசாலை மேசையில் கிடக்கும், யாரும் பார்க்கலாம். நவாலி அக்கா, தீ நாட்களை எழுதும் கொப்பி உங்களிடம் இருக்கலாமா?

நவாலி மருமகள்

என் மாமி ஏற்கெனவே கலண்டரில் எழுதி வைத்திருக்கிறார், புகை வந்த நாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. பழைய கலண்டர்களும் மச்சில் கிடக்கின்றன, பல்லி முட்டை இல்லாதவற்றைத் தருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் தண்ணீர் எடுக்கச் சம்மதம். நாலாம் வீட்டுக்காரர் முடிவு வந்தால் காணி விலை விழும் என்று பயப்படுகிறார், அவரோடு சங்கிலி ஐயா பேசினால் கேட்பார். போத்தல்களைக் கழுவிக்கொண்டு வாருங்கள். போன முறை வேறு யாரோ வந்து சோடாப் போத்தலில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

கிணற்றுத்தவளை

சோடாப் போத்தலா! போத்தல்களை நான் ஆய்வுகூடத்திலிருந்து கொண்டு வருகிறேன். ஐஸ் பெட்டி ஒன்று வேண்டும், அமோனியா மாதிரியை வெயிலில் வைத்தால் எண் மாறிவிடும். மீன் வியாபாரிகள் யாரிடமாவது பழைய ரெஜிபோம் பெட்டி இருந்தால் சொல்லுங்கள், நன்றாகக் கழுவி எடுக்கலாம்.